சத்தம் போடாத விசிறி

ஜூலை 14. மாலை 4.10.

லொரீன் க்ரோப் வீட்டுப் பரணில் பற்றிய தீயை அணைத்தாகிவிட்டது. கூரையின் வடக்கு முனை கரிந்துபோனது, ஆட்களுக்குக் காயமில்லை.

புல்வெளியில் நின்ற லொரீன், விசாரணை அதிகாரி ரொவீனா ஸ்டக்கியிடம் தன் தம்பி டெல்மரைக் காட்டினாள். தூண்டிலை எடுக்க ஒரு மணிக்கு சிகரெட்டோடு பரணுக்கு ஏறினவன் அவன்தான், இன்றைக்கே வீட்டைவிட்டுப் போகட்டும் என்றாள். விவாகரத்துக்குப் பிறகு டெல்மருக்கு இருந்த ஒரே இடம் அவள் வீட்டுப் பின்னறை. புகைத்ததை அவன் மறுக்கவில்லை. ஏணிப் பக்கத்துக் காபி டப்பாவில் அணைத்துவிட்டேன் என்றான்.

4.25. ரொவீனா மேலே ஏறினாள். ஏணி தெற்கு முனையில். காபி டப்பாவை ஒட்டியிருந்த கிறிஸ்துமஸ் அட்டைப்பெட்டிகளில் புகைக்கறை மட்டுமே. மரம் ஆழமாகக் கருகியது வடக்குச் சுவரில், வெக்கையை வெளியேற்றும் விசிறியைச் சுற்றி. அதன் சட்டத்தில் வரிசையாக ஸ்டேப்ளர் பின்கள். இறக்கையைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

4.50. தீயணைப்பு வண்டியருகே இருவரையும் உட்காரவைத்தாள்.

"அந்த விசிறியை யார் போடுவீங்க?"

"யாரும் போட மாட்டோம். பரண் சூடானா தானா ஓடும்," என்றாள் லொரீன்.

"சத்தம் கேக்குமா?"

"போன வருஷம் பன்னி மாதிரி கத்துச்சு," என்றான் டெல்மர். "இந்தக் கோடைல கப்சிப். அக்கா எண்ணெய் விட்டுட்டான்னு நெனச்சேன்."

"நீதான் விட்டுருப்பேன்னு நான் நெனச்சேன்டா."

"குளிர்காலத்துல அது வழியா வடகாத்து இறங்குமே, என்ன செய்வீங்க?"

அப்போதுதான் நினைவு வந்து லொரீன் சொன்னாள். வழக்கம்போல நவம்பரில் பழைய ஒட்டுப்போர்வையை ஸ்டேப்ளரால் அதன்மேல் அடித்திருக்கிறாள். ஈஸ்டருக்குக் கழற்றுவது வழக்கம். இந்த ஈஸ்டருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஏணி ஏற முடியவில்லை, மறந்தும் போனாள்.

ரொவீனா கழற்றி வந்த மோட்டாரை நீட்டினாள். தண்டைச் சுற்றிக் கருகிய துணி இறுகிக் கிடந்தது.

"மே மாசம் முதல் தடவ சுத்துனப்பவே போர்வை சிக்கிடுச்சு. மின்சாரம் பாயுது, இறக்கை திரும்பல. சுத்த முடியாத மோட்டாருக்குப் போற மின்சாரமெல்லாம் சூடாத்தான் மாறும். உள்ள ஒரு காப்பு சுவிட்ச் இருக்கு. சூடு மிஞ்சினா நிறுத்தும், ஆறினதும் திரும்ப விடும். ரெண்டு மாசமா தினம் அதே வேலை. இன்னிக்கு அந்தக் காப்பே உருகி ஒட்டிக்கிச்சு, மின்சாரம் நிக்கல. பக்கத்துலயே துணி. சிகரெட் இல்லம்மா."

"அப்ப தீ வெச்சது நானா?"

"யாரும் வெக்கல. மறந்தீங்க. எல்லாரும் உயிரோட இருக்கீங்க."

லொரீன் மூச்சை விட்டாள். தம்பியைப் பார்க்காமலே சொன்னாள்:

"உன் ரூம் தெக்கால இருக்கு. நனைஞ்சிருக்காது. ஜன்னலைத் திறந்து வை, புகை போகட்டும்."

டெல்மர் எழுந்தான். "திறந்து வெக்கிறேன்க்கா. சிகரெட் மட்டும் இனிமே வெளில."