நம்ம ஆத்துல கீது

புதன்கிழமை காலை ஒன்பது மணி. மயிலாப்பூரில் வெங்கடரமணன் வீட்டு பீரோ திறந்து கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த வைரத் தோடும் அட்டிகையும் காணவில்லை.

"ஆத்துல யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கான்," என்றாள் அவர் மனைவி ஜானகி.

மகன் ஸ்ரீவத்ஸ் வீட்டில்தான் இருந்தான். அவனை ஆள் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. தரமணிப் பக்கம் இன்ஜினியரிங் படிப்பதாகப் பேச்சு. முதல் வருஷம் பாக்கெட் மணியில் ஒரு கிரிப்டோ காயின் வாங்கினான். அது ஏறித் தொலைத்தது. அன்றிலிருந்து தனக்கு மூளை இருப்பதாக நம்ப ஆரம்பித்தான். பிறகு செமஸ்டர் ஃபீஸ் காயினாச்சு, பைக் காயினாச்சு. இப்போது மேஜையில் மூன்று திரை, காதில் ஹெட்போன். வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் இந்தத் துரைக்குச் சிரிப்பு வரும். சிரிப்பது அப்பாவின் பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டு.

மத்தியானம் வெங்கடரமணன் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏதோ ஆப் போட்டு மாற்றிய கரகரக் குரல்.

"இன்னா சாமி, நகைய தேடிக்கினு கீறியா? நம்ம ஆத்துல சேஃபா கீது. துட்ட காயினா அனுப்பு, நகை வந்துரும். போலீசாண்ட போனே, அவ்ளோதான்."

அவர் நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

"இந்த பாஷை பேசறவங்க யார் சார் உங்க வீட்டுக்கு வராங்க?" என்றார் சப் இன்ஸ்பெக்டர் டில்லிபாபு.

"பாத்திரம் தேய்க்கற முனியம்மாள். அவ பிள்ளை செந்தில்குமாரும் வருவான். அடையாறு ஆத்தங்கரையில இருக்கா."

"முடிஞ்சுது சார். ஆத்துலதான் ஒளிச்சு வெச்சிருக்கான்."

அதற்கு மேல் டில்லிபாபு மூளையை வருத்தவில்லை. இரண்டு நாள் செந்தில்குமாரை இடுப்பளவு சாக்கடைச் சேற்றில் இறக்கித் தேட வைத்தார். முனியம்மாள் ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவில்லை.

"திங்கக்கெழம அவன் கம்பெனில வேலைக்கு சேரணும். கேசு போட்டா எவன் சேத்துக்குவான்?"

வெள்ளிக்கிழமை லீவு முடிந்து வந்தார் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி. கூவம் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர். மெசேஜைக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். டில்லிபாபுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். முனியம்மாளும் மகனும் கூடவே வந்தார்கள்.

மயிலாப்பூர் வீட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து மெசேஜைப் போட்டார். ஜானகி தலை குனிந்துகொண்டாள்.

"ஏம்மா முனியம்மா, நகை உன் வீட்டுல இருந்தா எப்படிச் சொல்லுவ?"

"நம்ம ஊட்டுல கீதுன்னு."

"அவ்வளவுதான் விஷயம். திருடன் எங்க பாஷையக் கடன் வாங்கியிருக்கான். இன்னா, கீது எல்லாம் சரியா வந்துச்சு. வீடுன்னு சொல்ற எடத்துல பொறந்த வாய் காட்டிக் குடுத்துருச்சு. சேத்துல எவனாவது வைரத்த சேஃபா வெப்பானா? டில்லிபாபுவுக்கு ஆத்துலன்னா ஆறு. உங்களுக்கு என்ன சார்?"

வெங்கடரமணன் தினம் பேசுகிற வார்த்தை. ஆனால் அந்தப் பாஷையில் வந்ததும் அவர் காதுக்கும் அது ஆறாகத்தான் பட்டது.

"வீடு," என்றார்.

"அன்னைக்கு வீட்டுல இருந்தது ஒருத்தன்தானே?"

அன்புச்செல்வி ஸ்ரீவத்ஸின் மேஜைக்குப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். ஃபேனுக்குப் பின்னால் ஒரு பழைய சாக்ஸ். அதற்குள் தோடும் அட்டிகையும்.

"இது திருட்டு இல்ல மேடம். டெம்பரரி லிக்விடிட்டி பிராப்ளம்," என்றான் ஸ்ரீவத்ஸ். "மார்க்கெட் ரெக்கவர் ஆனதும் அப்பாவுக்கு டபுளா திருப்பிக் குடுத்திருப்பேன்."

திருட்டுக்கு இத்தனை நீளமாகப் பேர் வைக்கத்தான் அவனைப் படிக்க வைத்தார்கள் போலிருக்கிறது. கான்ஸ்டபிள் வந்து அவன் ஹெட்போனைக் கழற்றினார்.

"மாமி, மெசேஜ் வந்த அன்னைக்கே உங்களுக்குப் புரிஞ்சிருச்சு, இல்லையா?" என்றார் அன்புச்செல்வி.

"என் பிள்ளையாச்சே," என்றாள் ஜானகி, தரையைப் பார்த்தபடி.

"சேத்துல நின்னவனும் ஒருத்தி பெத்த புள்ளதான்."

வெங்கடரமணன் தொண்டையைச் செருமினார். "மனசுல வெச்சுக்காதே முனியம்மா. நாளைலேர்ந்து வழக்கம்போல வந்துடு."

முனியம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எம்புள்ள எறங்குன ஆத்து நாத்தம் குளிச்சா பூடும் சாமி. உங்க ஆத்துல நான் இனிமே கால் வெக்க மாட்டேன்."