ஒரே பதிவில் நிற்கும் டிஸ்க்

உள்ளே சுழல்வதற்கு ஒன்றுமே இல்லாத டிஸ்க் அது. சத்தம் போட வழியே இல்லை. ஆனாலும் சோதனை நின்ற அந்த நொடியில், மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் ஏசியின் உறுமலுக்கும் அடியில், யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது போல ஒரு சத்தம் அவனுக்குக் கேட்டது.

"சனியன், மறுபடியுமா" என்று மேசையைக் குத்தினான்.

ஒரு மருத்துவமனை தன் டேட்டாபேஸுக்குப் புது டிஸ்க் வாங்கலாமா என்று சோதிப்பது அவன் வேலை. நோயாளிகளின் போன வருஷத்துப் பதிவுகளின் நகலைப் பெயர்களை நீக்கிக் கொடுத்திருந்தார்கள். அதை டிஸ்க்கில் ஏற்றி, ஓயாமல் எழுதவும் படிக்கவும் விட்டு வேகம் பார்க்க வேண்டும். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும்; ஒரே ஒரு பதிவில் மட்டும் சண்டிமாடு போலப் படுத்துக்கொள்ளும். டிஸ்க்கை மாற்றினான், கேபிளை மாற்றினான், சர்வரையே மாற்றிப் பார்த்தான். அதே பதிவு. அதே மூச்சு.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா? பாப்பா அப்பா எங்கன்னு அனத்திட்டே இருக்கா. காய்ச்சல் இறங்கவே இல்ல. ஏழு மணிக்கு மேல உங்கள உள்ள விடமாட்டாங்க."

பாப்பாவைக் காலையில் சேர்த்திருந்ததும் அதே மருத்துவமனையில்தான்.

"ரிசல்ட் குடுத்துட்டுப் போன்னு மேனேஜர் உயிரை எடுக்கிறார். இதோ முடிச்சிடறேன்."

எரிச்சலோடு அந்தப் பதிவைத் திறந்தான். பெண். வயது ஆறு. காய்ச்சல். பாப்பாவுக்கும் ஆறுதான். போன வருஷத்து நகலடா, இந்த வயதில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

கணக்கைக் கெடுக்கிற ஒன்றைத் தூக்கி எறிந்தால் வரைபடம் அழகாகிவிடும். சோதிக்கிறவர்கள் வெளியே சொல்லாமல் செய்கிற காரியம்தான். லட்சத்தில் ஒன்று, யார் கேட்கப்போகிறார்கள்?

அழித்தான்.

மூச்சு உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

சோதனை ஓடியது. நிற்கவே இல்லை. திரையில் கோடு ஒரு மேடுகூட இல்லாமல் நேராகப் போனது. பயந்துபோய் மனைவியை அழைத்தான். டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"பாப்பா எப்படி இருக்கா?"

"எந்தப் பாப்பாங்க?" அவள் சிரித்தாள். "வேலை வேலைன்னு மூளையே கொழம்பிப் போச்சு உங்களுக்கு. சீக்கிரம் வீட்டுக்கு வாங்க."

மருத்துவமனை கொடுத்த நகலை மறுபடி ஏற்றினான். அந்தப் பதிவைத் தேடினான். இல்லை. அதிலும் இல்லை.

கையில் போன் ஒளிர்ந்தது. முகப்பில் அவர்களுடைய படம். அவனும் மனைவியும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றிருந்தார்கள். இருவருடைய கைகளும் அந்த இடைவெளிக்குள் தாழ்ந்து, விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன.