கோலோடு கட்டிய கை

எவரிஸ்தோ எறிந்த கிண்ணம் ஒத்திலியாவின் காதுக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பறந்து சுவரில் மோதிச் சிதறியது. பால்காபி சுவரெல்லாம் வழிந்தது. காது தப்பியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, கிண்ணம் போனதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. கைப்பிடி இல்லாத அகலக் கிண்ணம் அது. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கித் தூக்கலாம். அந்த வீட்டில் அவளால் பிடிக்க முடிந்த பாத்திரம் அது ஒன்றுதான். இந்த விஷயம் புருஷன் எவரிஸ்தோவுக்குத் தெரியாது.

“மத்த பொம்பளைங்க எட்டு மணிக்குக் கடலுக்குப் போறாங்க. நீ மட்டும் ஆறரைக்கே கிளம்புற. யாரப் பாக்கப் போற?”

“வேலைக்குத்தான் போறேன்.”

அறை கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. மீன்பிடிக் கப்பலில் இருந்த காலத்தில் எவரிஸ்தோ நல்ல மனிதன்தான். வலை இழுக்கும் எந்திரத்தில் கால் சிக்கி அவன் வீட்டோடு உட்கார்ந்து ஆறு வருஷமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளைக்குத் துணையாகச் சந்தேகமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடாமலே வெளியேறினாள். “பொத்தான் போடக்கூடப் பொறுக்கல பாரு” என்று பின்னாலிருந்து கத்தினான். பொத்தான் போட விரல் வேண்டுமே... அதை அவனிடம் எப்படிச் சொல்வாள்?

நான்கு வருஷமாக மூட்டுவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கினபடியே இறுகிக் கிடக்கும். பிரித்தால் எலும்புக்குள் ஆணி இறங்கும். முழு மாத்திரை போட்டால் தண்ணீரில் தலை சுற்றுகிறது, அதனால் பாதி மாத்திரை. ஒன்றரை மணி நேரம், மட்டிச் சிப்பி வாரும் பல் வைத்த கோலை இழுத்து இழுத்து வேலை செய்தால்தான் மூட்டுகள் கொஞ்சம் இளகும். மற்ற பெண்கள் வருவதற்குள் இளக்கிக்கொள்ளத்தான் அவள் முன்னதாகவே ஓடினாள். டாக்டர் ‘முடியாதவள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் மட்டிப் பெண்களின் சங்கம் மட்டி வாரும் உரிமச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சீட்டு போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் புருஷனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

கடல் வற்றி, சாம்பல் நிறச் சேறு வெகுதூரம் விரிந்திருந்தது. ஒத்திலியா முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். துணிப்பட்டையைப் பல்லால் இழுத்து, வலது கையைக் கோலோடு சேர்த்துக் கட்டி, மேலே ரப்பர் உறையை இழுத்து மூடினாள். கோலின் இரும்புப் பற்களை மேலே பார்க்கத் திருப்பிக்கொண்டு வெறுமனே இழுத்தாள். சங்கம் குறித்த எட்டு மணிக்கு முன்னால் ஒரு மட்டியைக்கூட எடுக்கக் கூடாது என்பதில் அவள் கறார்.

அந்தப் பருவத்தில் யாரோ திருட்டுத்தனமாக மட்டி வாரிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துப் பெண்கள் முறை வைத்துக் கரையைக் காவல் காத்தார்கள். அன்றைய முறை காசில்தாவுடையது. எவரிஸ்தோவின் கூடப்பிறந்த தங்கை. அண்ணியோடு பேசி நான்கு வருஷமாகிறது. காசில்தாவின் மகளுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க ஒப்புக்கொண்ட ஒத்திலியா, கோயிலில் ஊரே பார்க்கக் குழந்தையை ஏந்த மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

மணல்மேட்டிலிருந்து காசில்தா பார்த்தாள். ஒற்றை ஆளாக ஒருத்தி வாரிக்கொண்டிருக்கிறாள். அது யாருடைய சட்டை என்றும் தெரிந்துவிட்டது. நான்கு வருஷக் கோபம் காலுக்கு வர, ஓடினாள்.

“திருடி! எங்க வயித்துல அடிச்சது நீதானா?”

தன் கோலின் கட்டையால் அவள் வீசிய அடி தோளில் இறங்கியது. ஒத்திலியா தண்ணீரில் விழுந்தாள். இரண்டாவது அடி முதுகில். எழப் பார்த்தவளை விலாவில் உதைத்தாள். வாளியை எட்டி உதைத்தாள். மட்டி கொட்டும் என்று பார்த்தால் வெந்நீர்க் குடுவையும் தைலச் சீசாவும் தண்ணீரில் விழுந்தன.

“எங்கடி ஒளிச்ச? கோலக் குடு!”

கோலைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். கோலோடு அண்ணியும் இழுபட்டு வந்தாள். ஒத்திலியாவின் அலறலில் கரைப் பறவைகள் கூட்டமாக எழுந்தன. உறை கழன்று காசில்தாவின் கையோடு வந்தது. உள்ளே பட்டை, பட்டைக்குள் கை. கணுக்கணுவாக வீங்கி, ஒரு பக்கமாகக் கோணிப்போன விரல்கள். கோலின் பற்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன.

“இது என்ன அண்ணி... எப்பலேருந்து?”

“நீ வயித்துப் புள்ளையோட இருந்த குளிர்காலத்துலேருந்து.”

காசில்தாவுக்கு அந்தக் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. குனியாதே என்று அவளைத் தடுத்து, ஒன்பது மாதமும் அவள் கூடையையும் இந்தக் கைதான் நிரப்பியது. குழந்தை பிறந்தபோது ஏந்துவதற்கு அந்தக் கையில் பலம் இல்லை.

“தூக்கினா கீழ விட்டுடுவேன்னு பயந்தேன்டி” என்றாள் ஒத்திலியா. “உன் புள்ளைய நான் போட்டுடக் கூடாதுன்னு...”

காசில்தா சேற்றில் மண்டியிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டு குமுறினாள். அதற்குள் எவரிஸ்தோ கைத்தடியோடு காலை இழுத்தபடி வந்துவிட்டான். பின்தொடர்ந்து வந்தவன் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். தடியைத் தங்கையின் மண்டைக்கு நேராக ஓங்கினான்.

“தடியக் கீழ போடு” என்றாள் ஒத்திலியா. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “அவ திருடின்னு நெனச்சு அடிச்சா. நீ என்ன நெனச்சு அடிச்ச? இன்னொரு தடவ நம்ம வீட்டுல நீ கை ஓங்கினா, நான் இவ வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்.”

தடி தண்ணீரில் விழுந்தது. எவரிஸ்தோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தேற்றப் போகவில்லை.

எட்டு மணிக்குப் பெண்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். முன்னால் சங்கத் தலைவி எர்மீனியா. சட்டத்தில் ஒரு நூல் பிசகாதவள். என்ன ரத்தம் இது என்று கேட்டாள். அண்ணி வழுக்கி விழுந்துவிட்டதாகக் காசில்தா பொய் சொல்லத் தொடங்கினாள். ஒத்திலியா அவளைத் தள்ளிவிட்டு, கட்டிய கையைக் கோலோடு உயர்த்திக் காட்டினாள்.

“இந்தக் கை கட்டினாத்தான் கோலப் புடிக்கும். கட்டிட்டா யாருக்கும் கொறையாது. சீட்ட வாங்கிக்கறதா இருந்தா வாங்கிக்கோங்க. இனிமே நான் ஒளிக்கப்போறதில்ல.”

எர்மீனியா அருகே வந்து அந்த ஈர முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதை அவிழ்த்தாள். சீட்டு போயிற்று என்று ஒத்திலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்த முடிச்சு நனைஞ்சா நழுவும்” என்றாள் எர்மீனியா. தன் வலது கை உறையைக் கழற்றினாள். உள்ளே அவள் கையிலும் அதே மாதிரிப் பட்டை, பழசாகி வெளுத்திருந்தது. “ரெண்டு சுத்து சுத்தி, கட்டைவிரலுக்கு அடியில முடியணும். கைய நீட்டு.”