மூச்சைப் பிடிச்சுக்கோங்க

அந்தக் கை ஒரு படத்திலும் கீழே இறங்கவில்லை.

பெரியவள் அதைக் கவனித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வெளியே மழை இருட்டு. ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நேற்று நடந்த தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் கழித்துக்கொண்டிருந்தாள். கண் மூடியது, வாய் கோணியது, பின்னால் யாரோ மூக்கு நோண்டுவது, எல்லாம் குப்பைக்கு. ஊரார் கல்யாணம் என்றால் பாட்டுக் கேட்டுக்கொண்டே முடித்துவிடுவாள். சொந்தத் தங்கை ஆயிற்றே, ஒவ்வொரு படத்திலும் நின்று நின்று பார்த்தாள். நீல உடையில் சின்னவள் கொள்ளை அழகு.

பக்கத்தில் மாப்பிள்ளை. அவனுடைய வலது கை சின்னவளின் பிடரியில் இருந்தது. சாப்பிடும் படத்தில் அவன் இடது கையால் கரண்டியைப் பிடித்திருந்தான். பரிசு வாங்கும் படத்திலும் இடது கைதான் நீண்டிருந்தது. காரில் ஏறும்போது இருவரும் ஒன்றாகக் குனிந்திருந்தார்கள். வலது கை பிடரியை விட்டு நகரவே இல்லை. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பதும் படத்தில் விழுந்திருந்தது. பெரியவளும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். புது மோகம், ஆறு மாதம் போனால் தானே இறங்கும் என்று நினைத்தாள்.

பிறகு, அந்தக் கை எந்தப் படத்தில் முதலில் ஏறியது என்று பின்னோக்கித் தேடினாள். தேடல் ஒரு கறுப்புப் படத்தில் போய் நின்றது.

அது அவளே சொல்லி வைத்த கை. ஜோடிகள் கேமரா முன்னால் கட்டை மாதிரி நிற்பார்கள். அவர்களை இளக வைக்க அவளிடம் பழைய வித்தை ஒன்று உண்டு. "மாப்பிள்ளை, பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்பாள். அவர் நெளிந்துகொண்டே "பிடிச்சிருக்கு" என்பார். "வாயால சொன்னா ஆச்சா? இறுக்கிப் பிடிங்க!" என்பாள். கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள், பெண்ணிடம், "மூச்சைப் பிடிச்சுக்கோ, வயிறு தெரியுது" என்பாள். இரண்டு பேரிடமும், "சிரிச்சுக்கிட்டே இருங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்பாள். சொடுக்குவாள். உடனே, "போதும், விடுங்க."

இந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் அவள் நகர்வதே இல்லை. முன்பு ஒரு கல்யாணத்தில் சொல்ல மறந்த அன்றைக்கு, பெண்ணின் தகப்பனார் ஆசீர்வாதம் செய்த கையை மடக்காமல், வேர்த்து வழிய, அவள் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அப்படியே நின்றிருந்தார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நேற்று எல்லாம் சொல்லி முடித்து அவள் சொடுக்கிய நொடியில் கரண்ட் போய்விட்டது. பெரிய விளக்குகள் அணைந்தன. கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சைப் பார்க்க ஓடினாள். வெளிச்சம் திரும்பியபோது எல்லாரும் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போயிருந்தார்கள். அவளும் அங்கே போய்ப் படம் எடுத்தாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை.

கறுப்புப் படத்தின் வெளிச்சத்தை மெல்லக் கூட்டினாள். கறுப்பு சாம்பலாகி, சாம்பலிலிருந்து நாற்காலிகளும், எழுந்து ஓடுகிற குழந்தைகளின் கலங்கல்களும், கையை ஆட்டி யாரையோ கூப்பிடும் அம்மாவின் முகமில்லாத உருவமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அத்தனை இருட்டில் எடுத்தால் அப்படித்தான், மூச்சு விட்டாலே முகம் கலங்கிவிடும். நடுவில் இருந்த இரண்டு பேர் மட்டும் கலங்கவில்லை. சின்னவளின் இமை முடிகூடத் தனித்தனியாக எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது. இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"பெரியவளே!" மாடிப்படியில் அம்மாவின் குரல். "சின்னவளும் மாப்பிள்ளையும் வந்துட்டிருக்காங்களாம், மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்க. என் கண்ணாடியைப் பார்த்தியாடி?"

ஸ்டுடியோவுக்கு மேல்தான் வீடு. அம்மாவின் கண்ணாடி வைத்த இடம் அம்மாவுக்குத் தெரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. இந்தத் தடவை அது பெரியவளின் மேஜையிலேயே, கழன்ற காலுக்கு அவள் முடுக்கிய குட்டித் திருகாணியோடு, கீபோர்டு பக்கத்தில் கிடந்தது. பெரியவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, நேத்து சின்னவ கழுத்துல இருந்த கையைப் பார்த்தியா?"

"ஊரே பார்த்துச்சே! கையை எடுக்கலைன்னுதானே அவளையும் அவங்க வீட்டுக்கே அனுப்பி வச்சோம்! ராத்திரி அங்கேயும் விடவே இல்லையாம், உக்காந்தபடியே தூங்கினாங்களாம். எல்லாரும் ஒரே கேலியாம். பாசம்டி. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைன்னு நான் அப்பவே சொல்லல?" அம்மா முழங்காலைப் பிடித்து முனகிக்கொண்டே திரும்ப ஏறிப் போய்விட்டாள்.

பெரியவள் சின்னவளின் போனுக்கு அடித்தாள். எடுத்தது மாப்பிள்ளை.

"சின்னவகிட்ட குடுங்க."

"கழுத்து இடிச்சிருக்கு, அக்கா."

"இடிச்சிருக்கா? எங்க? காரா?" பதறி எழுந்தாள்.

"இல்ல அக்கா. கழுத்து இடிச்சிருக்கு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஏதோ ஓர் எழுத்து மட்டும் விழுந்திருந்தது. அவளே உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். பிடிச்சிருக்கு. 'ப' சொல்ல உதடு ஒட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே இருப்பவனுக்கு உதடு ஒட்டாது.

சிரிச்சுக்கிட்டே இருங்க என்றும் அவள்தான் சொன்னாள்.

வாசலில் கார் நின்றது. ஒரு கதவு மட்டும் திறந்து மூடியது. ஷட்டருக்கு அடியில் ஈர ரோட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒரு ஜோடி ஊன்றி நடந்தது. இன்னொன்று, நீலச் செருப்பின் நுனி மட்டும் தரையில் உரசி, இழுபட்டு வந்தது. ஓர் இடது கை ஷட்டரைத் தூக்கியது. மழை வாடையோடு, நேற்றைய மாலைகள் அழுகிய வாடையும், அதற்கடியில் கசாப்புக் கடையில் வருகிற வாடையும் உள்ளே நுழைந்தன.

மாப்பிள்ளையின் உதடுகள் இரண்டு பக்கமும் பிளந்து, பல்லெல்லாம் காய்ந்த ரத்தம். சிரிப்பு மட்டும் குறையவில்லை. அவனுடைய வலது முன்கையைச் சின்னவள் பிறாண்டியிருந்தாள். தோல் சுருள் சுருளாகத் தொங்கியது. சதைக்குள்ளே, சிவப்புப் பூச்சோடு, உடைந்த நகம் ஒன்று குத்தி நின்றது. நேற்று காலையில் அந்த நகத்துக்குப் பூச்சுப் பூசிவிட்டது பெரியவள்தான்.

அவன் விரல்கள் சின்னவளின் கழுத்துக்குள் புதைந்திருந்தன. விரலைச் சுற்றிச் சதை கறுத்து உப்பியிருந்தது. நீல உடையின் முதுகு இடுப்பு வரைக்கும் கறுப்பாகியிருந்தது. வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சை உயர்த்தி, சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அசையவில்லை. பெரியவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அசையவே இல்லை.

ஆனால் கண் அசைந்தது. அக்காவைத் தேடி வந்து நின்றது. ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டு சிரிப்பின் ஓரத்தில் இறங்கியது.

"விடுடா! விடுடா அவளை!"

பாய்ந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். இரும்பு. கடித்தாள். அவன் ரத்தம் வாயில் உப்பாக வந்தது. அவன் அசையவில்லை. விளக்கு ஸ்டாண்டைப் பிடுங்கி, சின்னவளின் தலையில் பட்டுவிடாமல் சாய்த்து, அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் பச்சைக் குச்சி ஒடிவது போல இருந்தது. மறுபடியும் அடித்தாள். கை நடுவில் மடங்கித் தொங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே பிடி பிடியாகவே இருந்தது. சுண்டு விரலைப் பின்பக்கமாக ஒடித்தாள். ஒடிந்த விரல் மெல்ல ஊர்ந்து, தன் பழைய குழிக்கே திரும்பிப் போனது.

மூளைக்கு எட்டியது.

"போதும்! போதும், விடுங்க!"

அவன் அவளைப் பார்த்தான். குற்றம் சொல்லாத, வேலைக்குக் காத்திருக்கும் நல்ல பிள்ளையின் பார்வை.

"நீங்க எடுக்கவே இல்லையே, அக்கா."

கறுப்புப் படம். அது படமே இல்லை. படம் எடுக்காமல் போதும் என்றால் யார் கேட்பார்கள்?

கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். கை ரத்தத்தில் வழுக்கியது. விளக்கைப் போட்டாள். அவன் தானாகவே திரைக்கு முன்னால் போய் நின்றான், சின்னவளையும் சரியாக நிறுத்தினான். கேமரா வழியாகப் பார்த்தாள். தங்கையின் கண் அவளையே பார்த்தது. சீக்கிரம், அக்கா. அது மட்டும்தான் அந்தக் கண்ணில் இருந்தது.

எதையும் விடக் கூடாது. எல்லாம் சொல்ல வேண்டும்.

"மாப்பிள்ளை." பட்டனில் விரலை வைத்தாள். "பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

"இடிச்சிருக்கு."

"இறுக்கிப்..." சொல்ல முடியவில்லை. சொன்னாள். "இறுக்கிப் பிடிங்க."

அவன் இறுக்கினான். சின்னவளின் கழுத்தில் ஏதோ நொறுங்கியது. பெரியவள் வீறிட்டுக்கொண்டே சொடுக்கினாள். வெளிச்சம் அடித்தது.

"போதும்! விடுங்க! விடு, விடு!"

கை விட்டது. சட்டென்று, எந்தச் சண்டையும் இல்லாமல்.

சின்னவளும் விட்டாள். அவளும் சொன்ன பேச்சைக் கேட்பவள்தான். நேற்று சாயங்காலத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அது நீளமாக, மெல்லிய விசிலாக, நேற்றைய மாலையின் பூ வாசனையோடு வந்துகொண்டே இருந்தது. நெஞ்சு இறங்கியது. வயிறு தளர்ந்தது. சிரிப்பு தளர்ந்தது. தலை, தாங்க எதுவும் இல்லாமல், பின்னால் மடிந்து முதுகில் முட்டியது. அவள் விழுந்தாள்.

"எடுடி! மூச்சு எடு!" பெரியவள் அவள் மேல் விழுந்து உலுக்கினாள். "எடு கண்ணு. அக்கா சொல்றேன்ல. எடு."

எடுக்கவில்லை. இந்த முறை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

நிழல் விழுந்தது. மாப்பிள்ளை குனிந்து, மடங்கிய கையைக் கொக்கியாக மாட்டி, சின்னவளைத் தூக்கினான். பக்கத்தில் சாத்திக்கொண்டான். தலையைத் தன் தோளில் சரித்து வைத்தான். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுல நீங்க இல்லையே. வாங்க."

வீட்டில் எல்லாரும் சொல்கிற கேலி. எல்லார் படத்தையும் எடுப்பாள், ஒரு படத்திலும் இருக்க மாட்டாள். ஷட்டரை நோக்கி ஓடினாள். முடியைப் பிடித்தான். தரையில் இழுத்தான். முட்டி உரிந்தது. இடது கை பிடரியில் ஏறியது. நகம் இறங்கியது. சூடாக முதுகில் வழிந்தது. நிமிர்த்தி நிறுத்தினான்.

"சிரிங்க."

குரல் வரவில்லை. மூச்சு பாதியில் நின்றது. எதிரே கேமரா. அதன் பின்னால் யாரும் இல்லை. போதும் என்று சொல்ல யாரும் இல்லை.

மாடிப்படியில் காலடி. ஒரு படி. முனகல். இன்னொரு படி.

அம்மா. அம்மா. அம்மா.

கதவு திறந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா வாசலிலேயே நின்றாள். விளக்கு அவள் முகத்தில் அடித்தது.

"என்னடி சத்தம்? ஓ, படம் எடுக்கிறீங்களா?" முகம் மலர்ந்தது. "அடடா, மூணு பேரும் எவ்வளவு அழகா நிக்கிறீங்க! இவ ஒருநாளாவது படத்துல நிக்க மாட்டாளான்னு எத்தனை நாள் சொல்லியிருப்பேன்."

பெரியவள் கண்ணால் கத்தினாள். கண்ணீர் உருண்டது.

"அசையாதீங்க. அப்படியே இருங்க. நானே ஒரு படம் பிடிக்கிறேன்." அம்மா திரும்பினாள். "கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன்."

கதவு சாத்தியது. பிடரியில் விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

ஒரு படி. முனகல். இன்னொரு படி. மேலே அலமாரி திறந்தது. இழுப்பறை ஒன்று, பிறகு இன்னொன்று. தலையணைகளைத் தட்டும் சத்தம்.

"எங்கேதான் வச்சேனோ, சனியன். இருங்கடா கண்ணுகளா, வந்துட்டேன்!"

கம்ப்யூட்டர் வெளிச்சத்தில், கீபோர்டு பக்கத்தில், அம்மாவின் கண்ணாடி அவளைப் பார்த்துக் கிடந்தது.