ஆறாத பாய்

இருங்காட்டுக்கோட்டை அறைக்கு நம்பிராஜன் வந்து சேர்ந்தது ஓர் ஆவணி மாதக் காலையில். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வருங்கால மச்சான் சுடலைக்கண்ணு ஒரு காலில் மட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நொண்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாப்ள. கம்பெனி பஸ்ஸு வந்துரும். அந்தா, மூலையில உங்க பாய் கெடக்கு. ஜன்னல்ல அட்டை ஒட்டியிருக்கோம், பகல்ல படுத்தாலும் வெளிச்சம் வராது. சாப்பாடு எதுத்த மெஸ்ஸுல. வாரேன், என்னா?"

ஹாரன் கேட்டது. சுடலைக்கண்ணும் அவனோடு தங்கியிருந்த முப்பிடாதியும் ஓடினார்கள். நம்பிராஜன் கதவைச் சாத்தினான். பட்டப்பகலில் அறை கும்மென்று இருட்டிவிட்டது.

வீட்டுக்காரர் பலராமன் மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு வரிசையாகக் கட்டிய அறைகளில் அது கடைசி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மாட்டு வாடை போய்விட்டது. அதற்குப் பதிலாக ஈரத் துணியைச் சுருட்டி வைத்து மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை இருந்தது.

இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற பையன்களுக்கு ஒரு வழக்கம். ஆளுக்கொரு பாய் என்பதெல்லாம் கிடையாது. பகல் ஷிஃப்ட்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவன் அப்படியே விழுவான். தட்டிக்கூடப் போடமாட்டான். "எங்க ரூம்ல பாய் ஆறவே ஆறாது" என்று ஏதோ பெரிய சாதனை போலச் சொல்லிக்கொள்வார்கள். நம்பிராஜனும் அப்படிப் படுத்துப் பழகியவன்தான். அதனால் மூலைப் பாயில் கை வைத்தபோது கதகதப்பாக இருந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பிடாதி படுத்து எழுந்து போயிருக்கிறான், அவ்வளவுதான்.

அவனுடைய கவலை வேறு.

இத்தனை வயதுக்கு மேல், மீசை வைத்த ஆண்பிள்ளை, தூக்கத்தில் அலறுவான். முதலில் கண் மட்டும் திறக்கும், கை கால் அசையாது. யாரோ வந்து பக்கத்தில் உட்காருவார்கள். ஊரில் இதை அமுக்குவான் என்பார்கள். அப்புறம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவனே விழிப்பான். விழித்தால் சுற்றிலும் ஆட்கள் எழுந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேய்கூடப் பரவாயில்லை, அந்தப் பார்வைதான் தாங்காது.

மணிமங்கலத்தில் தங்கியிருந்தபோது கூட இருந்தவர்கள் அந்த அலறலைக் கேன்டீன் வரிசையில் நடித்துக் காட்டினார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனும் சிரித்தான். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் ஒருவர், நேரத்துக்குத் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிறவனிடம் சொல்ல வேண்டிய யோசனைதான்!

இப்போது ஐப்பசியில் கல்யாணம். பெண் முத்துச்செல்வி, சுடலைக்கண்ணுவின் தங்கை. "தனியா எதுக்கு வாடகை குடுக்கணும், எங்க ரூமுக்கு வந்துருங்க" என்று சுடலைக்கண்ணு கூப்பிட்டபோது மறுக்க ஒரு காரணம் சொல்ல முடியவில்லை. அவன் காதில் அந்தச் சத்தம் ஒருமுறை விழுந்தால் போதும். பையனுக்கு ஏதோ கோளாறு என்று ஊருக்குப் போன் போகும், கல்யாணம் நின்றுவிடும். அதனால் நம்பிராஜன் சூப்பர்வைசரிடம் போய் நிரந்தரமாக இரவு ஷிஃப்ட் வேண்டும் என்று கேட்டான். எல்லாரும் வேண்டாம் என்று சண்டை போடுகிற ஷிஃப்ட். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். சுடலைக்கண்ணுவுக்கு எப்போதும் பகல் ஷிஃப்ட்; இனி அவன் வேலையில் இருக்கும்போது இவன் தூங்குவான்.

அது போக, இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தான். ஓர் ஈரிழைத் துண்டு. அதை நாலாக மடித்து வாயில் கொடுத்துப் பின்மண்டையில் இறுக்கி முடிந்துகொண்டான். கண்ணாடி இல்லாத அறையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

படுத்ததும் வந்துவிட்டது.

கை கால் அசையவில்லை. எப்போதும் வருவது போல யாரும் உட்காரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ படுத்திருந்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டி, அவன் மூச்சு வாங்கும்போது வாங்கி, விடும்போது விட்டு.

விழித்தபோது பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. துண்டு இறுக்கமாக அப்படியே இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு வாளியோடு குழாயடிக்குப் போனான். பலராமனின் மனைவி செங்கமலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, பட்டப்பகல்ல அந்தக் கத்து கத்திகினு கீற? தொட்டில்ல கொயந்த முயிச்சிக்கிச்சி."

நம்பிராஜனுக்குக் காது மடல் வரை சுட்டது. "அக்கா, ஒடம்பு சரியில்ல. சுடலைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "ஆனா கொரலு உன்து மாதிரியே இல்லியேப்பா."

அலறும்போது யாருக்குத்தான் சொந்தக் குரல் இருக்கும்? மறுநாள் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினான். அன்றும் குழந்தை அழுதது. அதற்கு மறுநாள் இரண்டு துண்டு. கடைவாய் புண்ணாகி, மெஸ் சாம்பார் பட்டாலே எரிந்தது. செங்கமலம் குழாயடியில் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போனான், திருடன் மாதிரி.

பாய் மட்டும் ஒவ்வொரு காலையும் கதகதப்பாகவே காத்திருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் காலை அவன் வேலை முடிந்து வந்தபோது சுடலைக்கண்ணு அறையிலேயே இருந்தான். காய்ச்சல். வாசல் பக்கத்துப் பாயில் சுருண்டு கிடந்தான். நம்பிராஜனுக்கும் இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. டீக்கடைப் பக்கம் போய்ப் பொழுதைக் கழித்துவிடலாம் என்று சட்டையை மாட்டினான்.

"போகாதீங்க மாப்ள. தல சுத்துது. பக்கத்துல இருங்க."

எப்படிப் போவது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தூங்கவே கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டான். இரவெல்லாம் பிரஸ் மெஷின் முன்னால் நின்றவன் எவ்வளவு நேரம் கிள்ளுவான்? சுடலைக்கண்ணு கண்ணயர்ந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று துண்டைக் கட்டிக்கொண்டு, தலையோடு போர்வையை இழுத்து மூடி மூலைப் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

தூங்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. நெடுஞ்சாலையில் லாரி போவது கேட்டது. செங்கமலம் வீட்டுத் தொட்டில் கிரீச்சிடுவது கேட்டது. சுடலைக்கண்ணு காய்ச்சலில் முனகுவது கேட்டது.

பின்னால் பாய் கீச்சென்று அமுங்கியது.

முதுகில் சூடு ஏறியது.

ஈரத் துணி வாடை. வாயில் இருந்த துண்டு ஊறி, நாக்கை உள்ளே தள்ளியது. மூக்கு வழியாகக் காற்று வரவில்லை. கையைத் தூக்கி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். கை வரவில்லை.

மூச்சு இல்லை.

அப்போது அவன் பிடரிக்குப் பின்னால் ஒரு வாய் திறந்து அலறியது.

போர்வை பறந்தது. சுடலைக்கண்ணு மேலே குனிந்து நின்றான். அவன் கண்ணில் முதலில் தெரிந்தது பயம், அப்புறம் அருவருப்பு, அப்புறம் நம்பிராஜன் வாழ்நாளெல்லாம் பயந்த அதே பார்வை. வாயைக் கட்டிக்கொண்டு எச்சில் ஒழுகக் கிடக்கும் மாப்பிள்ளை. அந்த நொடியில் செத்தே போயிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சுடலைக்கண்ணு முடிச்சைப் பிய்த்துத் துண்டை உருவினான். நம்பிராஜன் தரையில் புரண்டு இருமி, மூச்சை இழுத்தான்.

"மூஞ்சி கறுத்துப் போச்சே மாப்ள! இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா... அந்தக் கத்து கேக்கலன்னா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தான்.

"வாயையில்லா கட்டியிருந்தீங்க."

துண்டைக் கீழே போட்டான்.

"அப்ப கத்துனது யாரு?"

நம்பிராஜன் மெதுவாகக் கேட்டான்: "மச்சான், இந்தப் பாயில ராத்திரி முப்பிடாதிதான படுக்கான்?"

சுடலைக்கண்ணு இரண்டடி பின்னால் போனான். "அவனும் நானும் வாசப்பக்கம் இந்த ஒரே பாயிலதான் படுக்கோம். மூலையில யாரும் படுக்கதில்ல. இசக்கியப்பன் போனதுலருந்து."

வாசலில் உட்கார்ந்து வெயிலில் நடுங்கிக்கொண்டே சொன்னான். இசக்கியப்பன் தென்காசிப் பையன், வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிறவன். தூக்கத்தில் கத்துவான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வாரம் கத்தவே இல்லை, சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். அவனுக்கு இரவு ஷிஃப்ட் வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் இவர்கள் வேலை முடிந்து வந்து பார்த்தால், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தான். உடம்பு ஆறிப்போயிருந்தது. அவனே கட்டிக்கொண்டதுதான். பாயை ஏரிக்கரையில் கொளுத்திவிட்டுப் புதுப் பாய் வாங்கிப் போட்டார்கள்.

"கல்யாணம் ஆகப்போறவர்ட்ட இதெல்லாம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். நீங்களும் இப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவன் நிமிர்ந்தான். "எந்தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். மறைச்சுக் கட்டுனா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே அறையைக் காலி பண்ணிவிட்டு நம்பிராஜன் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் போனான். முத்துச்செல்வி வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடை நம்பர். அவளைக் கூட்டிக்கொண்டு வரும்வரை வியர்த்துக் கொட்டியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, வெளியே நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிச் சொன்னான். தூக்கத்தில் கத்துவேன். சின்னப் பிள்ளை மாதிரி. இஷ்டமில்லையென்றால் இப்போதே சொல்லிவிடு.



"இதுக்கா இவ்ளோ இழுத்தீங்க? கத்துனா தட்டி எழுப்பிவிடுதேன். எங்கய்யா குறட்டைக்கே பழகுனவ நான்."

கூண்டுக்குள் அவன் அழுதான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை. இசக்கியப்பனைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அந்த அறையைத்தான் காலி பண்ணிவிட்டோமே, அதை எதற்குச் சொல்வது?

ஐப்பசி முகூர்த்தம் முடிந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். கல்யாண லீவு முடிந்து முதன்முறையாக ஷிஃப்டுக்குப் போய்விட்டு நம்பிராஜன் காலையில் வந்தபோது முத்துச்செல்வி இட்லி வைத்தாள். சாப்பிட்டதும், கல்யாணத்துக்கு வந்த புதுப் பாயை எடுத்தாள். கடையில் கட்டிய சணல்கூட இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. அதை அரிவாள்மணையில் அறுத்துப் பாயை உதறி விரித்தாள். கோரை வாசம் வீடெங்கும் பரவியது. தூசி போகக் கையால் தடவிவிட்டாள்.

தடவிய கை பாதியில் நின்றது.

"என்னங்க இது, சூடா கெடக்கு? இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."

நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாயையும் பார்க்கவில்லை.

"வெயில்ல கெடந்திருக்கும்" என்றான்.

முத்துச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மூன்று நாளாக மழை.