தொள்ளாயிரம் அட்டைகள்

"ஐயோ... காணோம்!"

மதியம் இரண்டு மணிக்குக் கருணாகரன் போட்ட அலறலில் காஜா பெராங் தெருவின் வரிசை வீடுகள் அத்தனையும் வாசலுக்கு வந்தன.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்து பத்து நாள். நாடே குதூகலத்தில் இருந்தது... இவரைத் தவிர!

போனது நகையல்ல. தொள்ளாயிரம் அட்டைகள்!

செக்கர்ஸ் போன்ற டாம் ஆட்டத்தில், பலகையில் காய்கள் இப்படி நின்றால் இதை நகர்த்து என்று அட்டைக்கு அட்டை எழுதியிருந்தார். யோசிக்கவே வேண்டாம். நாளை ஒரு யந்திரமும் இப்படி ஆடும் என்பது அவர் வாதம். சிங்கப்பூரில் கணித விரிவுரையாளர் வேலை; இப்போது லீவில் ஊருக்கு வந்திருந்தார். ஆறு வருஷமாகச் சக ஆசிரியர்களின் நக்கல். "விளையாட்டுல என்னய்யா ஆராய்ச்சி?"

இன்று நாலு மணிக்கு வெள்ளைக்காரப் பேராசிரியர் வீட்டுக்கே வருகிறார். அட்டைகள் அவரை ஜெயித்தால் இங்கிலாந்தில் ஆராய்ச்சி வேலை. இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் முழுக்கு!

இன்ஸ்பெக்டர் அப்துல் கய்யூம் வந்தார்.

"யார் மேல சார் சந்தேகம்?"

"கோப்பிக் கடை பொன்னுதுரை! பத்து வருஷமா டாம்ல தோக்காத ஆளு. போன வாரம் என் அட்டைகிட்ட தோத்துட்டு மூஞ்சியத் தூக்கிட்டுப் போனாரு."

ஜீப் பறந்தது. கருணாகரனின் மனைவி கமலவேணியும் ஏறிக்கொண்டாள்.

கடை மேஜை முழுக்க... அட்டைகள்! நடுவில் பொன்னுதுரை.

"அண்ணே! நல்லா இருப்பீங்களா நீங்க?"

"கத்தாதீங்க தம்பி. நான்தான்லா எடுத்தேன். காலைல உங்க வீடு தொறந்து கெடந்துச்சு. காகிதத்துகிட்ட எப்படித் தோத்தேன்னு தெரியாம தூக்கமே வரல. எதிர்க்காய அட்டை சொன்னபடி நானே நகர்த்தி அஞ்சு ஆட்டம் ஆடிட்டேன்... அஞ்சுலயும் உங்க அட்டை தோத்துருச்சு!"

"பொய்! எழுபது ஆட்டம் ஜெயிச்சிருக்கு! நோட்ல இருக்கு!"

"அப்பல்லாம் அட்டையப் பார்த்துக் காய நகர்த்தினது யாரு?"

கருணாகரன் மெல்லத் திரும்பினார். வந்தவர்களோடு நடந்த எழுபது ஆட்டத்திலும் அவர் குறிப்பெழுத, அட்டை எடுத்துக் காய் நகர்த்தியவள்... கமலவேணி!

"வேணி... அட்டையப் பார்த்துதானே ஆடுன?"

"மொத நாலு ஆட்டம் பார்த்தேங்க. அட்டையத் தேடுறதுக்குள்ள அடுப்புல சோறு கரிஞ்சு போவுது. அப்புறம்... ஏதோ ஒண்ண உருவிட்டு, எனக்குத் தோணினத நகர்த்திட்டேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"ஜெயிக்கிறப்பல்லாம் உங்க மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம்... எப்படிங்க சொல்றது?"

ஆறு வருஷம்! கருணாகரனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மணி மூன்றரை.

இன்ஸ்பெக்டர் கமலவேணியைப் பார்த்தபடி நோட்டை மூடினார்.

"கேஸ் முடிஞ்சுது சார். அட்டைய இங்கயே போட்டுடுங்க... உங்க மெஷினுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!"