சிட்டுக்குருவித் தேர்வு

செவ்வாயின் குமிழி நகரத்தில் குழந்தை பெற விரும்புகிறவர்கள் ஒரு பிற்பகலைச் சர்வாதிகாரியின் ஆட்சியில் கழிக்க வேண்டும். நன்மாறனும் பூங்கோதையும் அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மணமான நாளிலிருந்து இருவரும் கேட்டது ஒரு குழந்தையைத்தான்.

"தட்டக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள் பூங்கோதை, காலணியை மாட்டியபடி.

"நான் எறும்பக்கூட மிதிக்காதவன்."

"இங்க ஏது எறும்பு?"

இருபதாம் நூற்றாண்டில், பொதுவுடைமையின் பெயரால் ஒரு பெருநாட்டை ஆண்டவன், தானியம் தின்னும் சிட்டுக்குருவிகளை ஒழிக்கச் சொன்னான். மக்கள் தெருவுக்கு வந்து தட்டுகளையும் பாத்திரங்களையும் அடித்தார்கள். உட்கார இடமில்லாமல் பறந்து களைத்துக் குருவிகள் விழுந்தன. பிறகு பூச்சிகள் பெருகின. அவனுடைய மற்றக் கட்டளைகளோடு அதுவும் சேர, பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் புத்தி செவ்வாய்க்கு வந்துவிடக் கூடாது என்று குடியேற்றச் சபை இந்தத் தேர்வை வைத்திருந்தது.

விண்ணப்பித்ததுமே கழுத்துத் தோலுக்கடியில் ஒரு நாணமானியைப் பதித்துவிடுவார்கள். வெட்கப்படும்போது மாறும் இரத்த ஓட்டத்தை அளந்து அது சிவப்பாக ஒளிரும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

தேர்வுக் கூடத்தின் பொறுப்பாளர் ரோசலின் ஆளுக்கொரு தகரத்தட்டும் குச்சியும் கொடுத்து, அந்தப் பழைய காலத்துக்குள் கொண்டுபோகும் கனவுக் கவசத்தைத் தலையில் பொருத்தினாள்.

குளிர்ந்த சதுக்கம். சுவரில் சர்வாதிகாரியின் பெரிய படம். நீல உடையில் கூட்டம். எங்கோ ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ஒரு குருவி நன்மாறன் அருகே சுவரில் உட்காரப் பார்த்தது. பக்கத்திலிருந்த ஒருவர் அவனைப் பார்த்தார். வெறுமே பார்த்தார். அவன் தட்டினான். ஒருமுறை தட்டியதும் கை தானாகவே தொடர்ந்தது.

பூங்கோதையின் தட்டு அவள் காலடியில் கிடந்தது. குருவி அவள் தோளில் போய் உட்கார்ந்து அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. சதுக்கத்தில் தலைகள் திரும்பின.

"கோதை, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அவன் அவள் காதோரம் தட்டை உயர்த்தி ஓங்கி அடித்தான். குருவி எழும்பியது. சுவர் உயரத்தைத் தாண்டவில்லை. அவள் காலடியில் விழுந்தது.

கவசத்தைக் கழற்றியபோது அவன் கழுத்து தணலாக ஒளிர்ந்தது.

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"யார்கிட்டேருந்து?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரோசலின் பக்கம் திரும்பினான். "அந்தக் கூட்டத்த நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. பயந்தே போயிட்டேன். உத்தரவு போட்டது யாருன்னுதான் தெரியல."

"உத்தரவே கிடையாது சார். படம், குருவி, அந்த நீல உடை, இதுதான் நாங்க செஞ்சது. கூட்டம் நீங்கதான்."

கூடத்தின் நீளத்துக்கும் ஆட்கள் கவசங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் குழந்தை கேட்டு வந்தவர்கள். கழுத்துகள் சிவந்திருந்தன. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை.

"நீங்க தேர்ச்சி சார்," என்றாள் ரோசலின்.

"நானா? நான் தட்டினேனே."

"ஆரம்பத்துல, தட்டாதவங்களுக்கு மட்டும்தான் அனுமதின்னு வச்சாங்க. ஊர்ல குழந்தையே பொறக்கல. பள்ளிக்கூடத்த மூடுற நிலைமை. அப்புறம், தட்டினாலும் வெட்கப்பட்டாப் போதும்னு விதிய மாத்திட்டாங்க. உங்களுக்கு நல்ல மதிப்பெண்." பூங்கோதையிடம் அவள் குரல் தணிந்தது. "மேடம், உங்க நாணமானி அசையவே இல்ல. வெட்கமில்லாதவங்கன்னு பதிவாயிருக்கு. ரெண்டு பேரும் தேறினாத்தான் அனுமதி. அடுத்த வருஷம் மறுபடி வாங்க."

"நான்தான் தட்டவே இல்லையே."

"தெரியும் மேடம். பாத்தேன்."

ரோசலினின் கழுத்தும் லேசாகச் சிவந்தது. அவளும் ஒரு காலத்தில் விண்ணப்பித்தவள்தான்.

வீடு திரும்பும் சுரங்கப் பாதையில் ஒரு தம்பதி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார்கள். குழந்தை தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. வண்டி வளைவில் மறையும்வரை நன்மாறன் நின்று பார்த்தான்.

"கோதை."

"சொல்லு."

"அடுத்த தடவ நீயும் கொஞ்சம் தட்டிடேன். பேருக்கு. நமக்காக."

அவள் நின்றாள். அவன் கழுத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.

அங்கே ஒன்றும் ஒளிரவில்லை.